குலவை ஏழு

காலை ஒன்பதே காலுக்கு நறுமுகை கணினியைத் திறந்தபோது பாட்டில் எல்லாம் இருந்தது. குலவை மட்டும் இல்லை.

நாதஸ்வரம் இருந்தது, தவில் இருந்தது, பின்னால் மெல்ல வரும் வயலின்கூட நேற்று வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மண்டப வாசலைத் தாண்டும் நொடியில் எழ வேண்டிய குலவைதான் எழவில்லை. திரையில் குலவையின் ஒலித்தடம் மட்டும் சிவந்து கிடந்தது. ‘கருவி கிடைக்கவில்லை: குலவை ஏழு’ என்று ஒரே ஒரு வரி.

அவள் பதறவில்லை. மானாமதுரையில் பதினோரு வருடமாகக் கல்யாணப் பாட்டு செய்கிறவள். ஒரு கலைஞரின் வாசிப்பையோ குரலையோ கேட்டுக் கேட்டுப் பழகி, அவரைப் போலவே இசைக்கிற மென்பொருளுக்குத்தான் இப்போதெல்லாம் கருவி என்று பெயர். மென்பொருள் என்றால் ஒரு நாள் இடம் மாறிக்கொள்ளும், ஒரு நாள் உரிமம் கேட்டு முரண்டு பிடிக்கும். அவளுக்கு அதெல்லாம் வழக்கமான தொல்லைகள்.

கணினியை மூடித் திறந்தாள். கருவிகள் இருக்கும் கோப்புறையை மறுபடி தேடச் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு கருவிகளை எண்ணிக் காட்டியது. குலவை அதில் இல்லை. உரிமம் காலாவதியாகவில்லை. கருவியை விற்ற நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கினாள். முழுவதும் இறங்கி முடித்துவிட்டு, திறக்கும்போது மறைந்தது. தனி வட்டில் ஒரு பழைய பதிப்பு வைத்திருந்தாள். அது ஒரு நொடி திறந்து, உள்ளேயிருந்து யாரோ கதவைச் சாத்தியதுபோல் மூடிக்கொண்டது.

மற்ற தடங்களை எல்லாம் வேலை முடிந்ததும் ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துவிடுவாள். பிறகு கருவி இருந்தால் என்ன, போனால் என்ன. குலவைக்கு மட்டும் அந்த வழக்கத்தை அவளே தளர்த்தியிருந்தாள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த ஏழு பெண்களும் புதிதாக மூச்செடுத்துப் புதிதாகப் போடுவார்கள். ஒரு கல்யாணத்துக் குலவை இன்னொரு கல்யாணத்துக்குப் போகாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிரியம்தான் இன்று அவள் காலை வாரிவிட்டது.

அந்த ஏழு பேரையும் அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் இதே மாடி அறையில்தான் பதிவு நடந்தது. ஆறு பேர் வைகைக்கு அக்கரையில் இருக்கிறவர்கள். ஏழாவது குரல் அவளுடையதே.

தொலைபேசி அடித்தது. பெண்ணின் அம்மா கோமதி.

“என்னம்மா, பாட்டு ரெடியா? நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள மண்டபத்துல போட்டுப் பார்க்கணுங்கிறாங்க.”

“ரெடிதாம்மா. குலவையில மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கு.”

“அந்தக் குலவை சர்டிஃபிகேட்டோடதானே வரும்? சம்பந்தி வீட்டுல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. போன மாசம் யாரோ வேற ஏதோ குலவையைப் போட்டு, அதுல ஒரு பொம்பளை தாலி அறுத்தவன்னு அப்புறம் தெரிஞ்சு பெரிய ரகளையாம்.”

“வரும்மா” என்று நறுமுகை சொல்லி வைத்தாள். குலவை ஏழு அப்படித்தான் விற்றது. ஏழு குரலும் சுமங்கலிகளுடையவை என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முத்திரைத் தாள் வரும்.

வேறு வழியில்லாமல் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். இளம்பெண் குரல் ஒன்று, தன் பெயர் ரெஹானா என்றது. நறுமுகை தான் செய்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“மேடம், உங்க சிஸ்டத்துல ஒரு பிரச்சினையும் இல்ல. காலையில ஏழு ஐம்பதுக்கு நாங்கதான் எல்லா இடத்துலயும் எடுத்திருக்கோம். மத்தியானம் ரெண்டு மணி வாக்குல தானா திரும்ப வந்துடும்.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“மங்கலத் தகுதியில ஒரு மாற்றம்.”

“அப்படின்னா?”

ரெஹானா மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள். “குரல் கொடுத்தவங்க ஏழு பேரோட பதிவு எண்ணும் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேட்டோட இணைச்சிருக்கு மேடம். ஒருத்தரோட நிலைமை மாறினா கருவி உடனே நின்னுடும். அந்தக் குரலை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, மத்தவங்களை வச்சுத் திரும்பச் சேர்க்க ஆறு மணி நேரம் ஆகும். கஸ்டமருக்கு நாங்க குடுக்கிற உத்தரவாதம் அது.”

நறுமுகைக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. “நிலைமை மாறினான்னா... யாரோ ஒருத்தரோட வீட்டுக்காரர் இறந்துட்டாரா?”

“அப்படித்தான் இருக்கணும்னு இல்ல மேடம். விவாகரத்தா இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.”

“யாரோட குரலு?”

“எனக்கே பேர் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது.”

“வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்ச பிறகுதான் உங்களுக்கு வருமா?”

“ஆஸ்பத்திரியில பதிஞ்ச அடுத்த நிமிஷமே எங்களுக்கு வந்துடும். வீட்டுக்குச் சொல்றது மனுஷங்க செய்யறது மேடம். அதுக்கு நேரம் ஆகும். இது தானா நடக்கிறது.”

“நானும் அந்த ஏழுல ஒருத்தி” என்றாள் நறுமுகை.

இந்தத் தடவை ரெஹானாவின் குரலில் மனப்பாடம் இல்லை. “அக்கா, இதை உங்ககிட்ட நான் சொல்லியிருக்கவே கூடாது. மன்னிச்சிடுங்க.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பதிவு நடந்த அன்று பதினோரு பக்க ஒப்பந்தத்தில் ஏழு பேரும் கைநாட்டு வைத்தார்கள். நறுமுகைதான் பட்டதாரி, அவள் படித்துவிட்டிருப்பாள் என்று மற்றவர்கள் வைத்தார்கள். கல்யாண வேலைதானே, என்ன இருந்துவிடப் போகிறது என்று அவளும் வைத்தாள். ஒவ்வொருவருக்கும் பட்டுப் புடவையும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். முதலில் ஏழாவது இடத்துக்கு நின்றவர் அவள் மாமியார் இந்திராணி. முப்பது வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அவர் குலவை போட்டால் மூன்று தெரு கேட்கும். நிறுவனத்து ஆள் மரியாதையாகத்தான் கேட்டான், “உங்க வீட்டுக்காரர் பதிவு எண் சொல்லுங்கம்மா” என்று. அவர் இறந்து ஆறு வருடமாகிறது என்றதும், “மன்னிக்கணும், இது கல்யாணக் கருவி” என்றான். “எனக்கு ஓட்டுப் போட உரிமை இருக்கு, குலவை போட இல்லையாக்கும்” என்று சிரித்துக்கொண்டே மாடியிறங்கிப் போய்விட்டார் இந்திராணி. ஒலிவாங்கிகளைச் சரிசெய்துகொண்டிருந்த நறுமுகை அவருடைய இடத்தில் போய் நின்றாள்.

நறுமுகையின் கணவன் திலீபன் ஆழ்கடலில் வேலை செய்கிறவன். கடலடியில் வைத்திருக்கும் கணினிக் கூடங்களைப் பழுது பார்க்கும் வேலை. கப்பலில் ஒரு சிறிய இரும்பு அறைக்குள் இருபது நாள் அழுத்தக் காற்றில் வாழ்ந்து, அங்கிருந்தே கடலுக்குள் இறங்குவான். ஹீலியம் கலந்த அந்தக் காற்றில் அவன் குரல் வாத்துக் குரலாக மாறிவிடும். முதல் தடவை கேட்டபோது நறுமுகை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்தக் கீச்சுக் குரலைப் பழையபடி மாற்ற அவளே ஒரு ஒலி வடிகட்டி செய்தாள். அத்தைக்கு அந்த வடிகட்டி போட்டுத்தான் கேட்கப் பிடிக்கும். அவளுக்கு வாத்துக் குரலே போதும்.

“நறு, முந்நூறு மீட்டர் ஆழத்து அழுத்தத்துலருந்து பேசறேன், கொஞ்சம் மரியாதையா சிரி” என்பான்.

முந்தாநாள் மாலை பேசினான். இறங்கும்போது முப்பது நாற்பது மணி நேரம் பேச முடியாது. இன்று மாலை ஐந்து மணிக்குத்தான் மேலே வருவான்.

அவள் கப்பல் நிறுவனத்தின் எண்ணை அழைத்தாள். பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் காத்திருக்கச் சொன்னது. பிறகு ஒருவர் வந்து, பணி நடக்கும்போது எந்தத் தகவலும் தருவதில்லை, ஐந்து மணிக்குமேல் அழையுங்கள் என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களா, இல்லை தன்னிடம் மட்டுமா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் வைத்துவிட்டார்.

ஆறு பேரையும் விசாரித்துவிட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒப்பந்தத் தாள் வேண்டும் என்ற சாக்கில் ஒவ்வொருவராக அழைத்தாள்.

சிட்டம்மாவின் கணவர் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவளே தொலைபேசியை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இன்னொருத்தியின் கணவர் ரேஷன் கடை வரிசையில் நின்றார். இரண்டு பேருடைய கணவர்கள் ஒரே செங்கல் சூளையில் வேலைக்குப் போயிருந்தார்கள், காலையில் சேர்ந்து டீ குடித்ததாகச் சொன்னார்கள். ராக்கு என்பவளின் கணவன் குடிகாரன்.

“அந்த ஆளுக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் வாசல்ல உக்காந்திருக்கான். ஏன், உனக்கு வேணுமா? கூட்டிட்டுப் போ, வண்டிக் கூலி நான் தாரேன்” என்றாள் ராக்கு.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று வைத்த பிறகுதான் கவனித்தாள், தன் மனம் அந்தக் குடிகாரன் பெயருக்காகக் காத்திருந்ததை. அவனாக இருந்திருக்கலாம் என்று நினைத்துவிட்டிருந்தாள். கூசிப்போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடைசியாகப் பஞ்சவர்ணம். பஞ்சு அக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் முதலில் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவள் கணவர் மலையாண்டி ராஜஸ்தானில் ஒரு சூரிய மின்பண்ணையில் சமையல்காரர்.

“என்னத்தா, காலங்காத்தால என் ஞாபகம்?”

“கருவியைக் காணோம்க்கா. குலவைக் கருவி. ஒப்பந்தத் தாள் உங்ககிட்ட இருக்கா?”

“அதெல்லாம் எங்கன கெடக்கோ. காணாமப் போறதுக்கு அது என்ன கோழியா? நல்லாத் தேடு.”

“மாமா நல்லாருக்காருல்லக்கா?”

“அந்த மனுசனா? நானூறு பேருக்கு ஆக்கிப் போடுற ஆளு, நேத்து ராத்திரி எனக்கு ஃபோனப் போட்டு, பணியாரத்துக்கு எத்தனை உளுந்துங்கிறாரு. அங்க உள்ளவனுக வெந்தயமே கண்டதில்லையாம். ஒரே பெருமை.” சிரித்தாள். “இங்க வீடு நெறைய ஆளு. கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் மதுரையிலருந்து இப்பத்தான் வந்து எறங்கியிருக்காக. என்ன சேதின்னா, ஒண்ணுமில்ல மதினி, பாக்கணும்போல இருந்துச்சுங்கிறான். இருடி, அவன் ஃபோனக் கேக்கான்...”

அதோடு நின்றது. நறுமுகை திரும்ப அழைக்கவில்லை. காகிதத்தில் எழுதியிருந்த ஆறு பெயர்களுக்கு எதிரிலும் குறி விழுந்துவிட்டது. குறட்டை, ரேஷன் கடை, செங்கல் சூளை, குத்துக்கல், பணியாரம். ஆறு கணவர்களும் உயிரோடு இருந்தார்கள். ஏழாவது பெயரை அவள் எழுதவே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. படியில் இந்திராணியின் கால் சத்தம் கேட்டது.

“சாப்பிட வரலையா? மணி ஒண்ணேகால் ஆகுது. கத்திரிக்கா கொழம்பு ஆறிப்போச்சு.” மருமகள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். “என்ன?”

“ஒண்ணுமில்ல அத்தை. கருவி ஒண்ணு காணோம்.”

“முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவ நான். கையில சீட்டு இல்லாதவன் மூஞ்சி எனக்குத் தெரியும். சொல்லு.”

அவள் சொன்னாள். பதிவேடு, ஆறு மணி நேரம், யாரென்று சொல்ல மாட்டார்கள், ஆறு பேரும் நலம். திலீபன் பெயரை மட்டும் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. இந்திராணி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“இவனுக சொன்னா அது நெசமா?”

“மெஷின் அத்தை. தப்பாவும் இருக்கலாம்.”

“தப்பா இருக்கும். உன் மாமனாருக்கு அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதாசி வந்துச்சு.” பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். “அவன் கடைசியா என்ன பேசுனான்?”

“வந்ததும் பாம்பன் போலாம்னு சொன்னாங்க. கடலைப் பார்க்க.”

“கடலுக்குள்ள கெடந்துட்டு வந்து கடலைப் பாக்கணுமாம். கிறுக்குப் பய.”

இருவரும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் உடைந்தது. நறுமுகை அத்தையின் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். அவர் கை அவள் முதுகில் இருந்தது.

“அத்தை, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணும்போது, அவங்க வீட்டுலதான் இருக்கணும்னு நெனச்சேன். நம்ம வீட்டுல இல்லன்னா போதும்னு.”

“நானும் இப்ப அதைத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் இந்திராணி. “பேசாம இரு.”

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் திரையில் சிவப்பு மறைந்தது. ‘குலவை ஏழு’ பழையபடி பச்சையில் நின்றது. பெயரில் மாற்றமில்லை. எத்தனை குரல் என்று எங்கும் போடவில்லை. ஏழு என்பது விற்பனைப் பெயர். அதை மாற்ற மாட்டார்கள்.

“வந்திருச்சா? உன் குரல் இருக்கான்னு பாரு” என்று இந்திராணி எழுந்து பக்கத்தில் வந்தார்.

“தனித்தனியாப் பார்க்க முடியாது அத்தை. கேட்கத்தான் முடியும்.”

பதிவு செய்த அன்று அவள் வலது ஓரத்தில், சன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். கருவியிலும் ஏழு பேரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். காதில் ஒலிப்பானை மாட்டினாள். இடது பக்கத்து ஒலியை முழுவதும் குறைத்தாள். விசையில் விரல் வைத்தாள், அழுத்த முடியவில்லை. அழுத்தினால் தெரிந்துவிடும். இந்திராணி மருமகளின் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

வலது காதின் ஓரத்தில், மற்றவர்களைவிடச் சற்று மெல்லியதாக, முடியும்போது கொஞ்சம் வெட்கப்பட்டு இழுக்கிற ஒரு குரல். அவளுடையது.

மறுபடி அழுத்தினாள். இருந்தது. மறுபடியும் இருந்தது.

“இருக்கேன்” என்றாள். “அத்தை, நான் இருக்கேன். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் இதுல இருக்கேன்.”

இந்திராணி வாயைத் திறந்தார். நறுமுகை அழுகையைத்தான் எதிர்பார்த்தாள். வந்தது குலவை. ஒன்பது வருடமாக ஒரு வீட்டு விசேஷத்திலும் போடாத, கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிவிடுகிற பெண்ணின் தொண்டையிலிருந்து, அறைச் சுவர்களை அதிர வைத்துக்கொண்டு எழுந்தது. எதிர் வீட்டில் யாரோ சன்னலைத் திறந்து பார்த்தார்கள். முடித்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

நறுமுகை அவரைக் கட்டிக்கொண்டாள். அப்படி நின்றபடியே இன்னொரு கையால் குறைத்த ஒலியை முழுவதும் திறந்தாள், பாட்டில் சேர்த்துக் கேட்கலாம் என்று. அறையின் பெரிய ஒலிபெருக்கியில் குலவை வந்தது.

ஏதோ சரியில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். யார் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு. நடுவில், எப்போதும் முதலில் எழுந்து மற்றவர்களை இழுத்துப் போகும் கனத்த குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

இந்திராணிக்கும் கேட்டது. அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

“பஞ்சு எங்க?” என்றார்.

நறுமுகை பாட்டை அந்த இடத்துக்குத் திருப்பினாள். இன்னும் ஒரு முறை ஓட்டினாள். இன்னும் ஒரு முறை. கருவி ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தடுமாறியது.

“காலையில நல்லாத்தானே பேசுனாள்னு சொன்ன?”

“அக்காவுக்குத் தெரியாது அத்தை. இன்னும் யாரும் சொல்லல.”

தொலைபேசி அடித்தது. கோமதி.

“என்னம்மா, ஆச்சா?”

நறுமுகை திரையைப் பார்த்தாள். ஒரு விசை தட்டினால் பாட்டு தயாராகிவிடும். முத்திரைத் தாளும் கூடவே வரும். எல்லாக் குரலும் சுமங்கலிகளுடையவை என்று அது சொல்லும், அதில் பொய்யும் இருக்காது. சேர்ந்து ஆரம்பிப்பதை மண்டபத்து இரைச்சலில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

“பாட்டை அனுப்புறேம்மா. குலவை இல்லாம அனுப்புறேன். அந்த இடத்துல பன்னெண்டு நொடி சும்மா விட்டிருக்கேன். உங்க வீட்டுப் பொம்பளைங்க போடட்டும்.”

“எங்க வீட்டுல யாருக்கு அதெல்லாம் போடத் தெரியும்? ஏம்மா, நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு விளையாடுறியா? சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்ல? இனிமே உனக்கு ஒரு கல்யாணம் வராது, பாத்துக்கோ!”

“சரிம்மா” என்றாள். பாட்டை அனுப்பினாள். பிறகு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, குரல் கொடுத்தவர்கள் விலகிக்கொள்ளும் படிவத்தைத் தேடி எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பெருவிரலை வைத்தாள். ‘குலவை ஏழு’ மறுபடி சிவந்தது.

“நீ வண்டியை எடு, நான் சேலை மாத்திட்டு வாரேன்” என்று இந்திராணி படியிறங்கினார்.

பாலத்தைத் தாண்டும்போது வைகையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணத்தின் வாசலில் ஏழெட்டுச் செருப்புகள் கிடந்தன. கொழுந்தன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. அவர்களைப் பார்த்ததுமே, சேதி தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வேகமாக வந்தான்.

“யாரு சொன்னது உங்களுக்கு?” என்றான் தணிந்த குரலில். “ஏற்பாடு பண்ணி உடம்பு வர நாளைக்கு ஆகும். மூத்த அண்ணன் கோயம்புத்தூர்லருந்து வந்துக்கிட்டு இருக்காரு. அவர் வந்துதான் சொல்லணும். அதுவரைக்கும் எதுவும் வாய் விட்டுராதீக. உங்களக் கெஞ்சிக் கேக்கேன்.”

“எப்படி?” என்று கேட்டார் இந்திராணி.

“வெக்கை. விடியக்காலம் அடுப்படியிலயே விழுந்துட்டாராம்.”

உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். மாவு ஒட்டிய கை.

“வாங்க மதினி, வாடி! மாமியாரும் மருமகளும் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீக. இன்னைக்கு எல்லாருக்கும் என்ன வந்துச்சு? பணியாரத்துக்கு ஆட்டி வச்சிருக்கேன், ஒரு பய சாப்பிட மாட்டேங்கிறான். நீங்களாச்சும் ரெண்டு தின்னுட்டுப் போங்க.”

“திங்கிறோம்த்தா” என்று இந்திராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாவோடு சேர்த்துப் பிடித்தார். விடவில்லை.

பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே நறுமுகையைப் பார்த்தாள். “உன் மூஞ்சி ஏண்டி இப்பிடிக் கெடக்கு? காலையில என்னமோ காணோம்னியே, கெடச்சிருச்சா?”

நறுமுகை மாவு ஒட்டிய அந்தக் கையைப் பார்த்தாள்.

“இல்லக்கா” என்றாள்.

“நல்லாத் தேடிப் பாரு. எங்கிட்டுப் போயிருக்கப் போகுது” என்றாள் பஞ்சவர்ணம். பிறகு நெற்றிக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். “அட, அது யாரு காரு? கோயம்புத்தூர் மச்சானா?”